பின்னுக்கு நின்று பார்ப்பவள்

வெள்ளவத்தை ஒழுங்கையில் பொழுது சாய்கிறது. உஷாந்தியின் புருசன் நாகேந்திரம் செத்து முப்பத்தொரு நாளாகிறது. வாசலில் நிற்கும் அவருடைய பழைய காரின் பிரேக் விளக்குகள் காலையிலிருந்து தாமாகவே எரிகின்றன, உள்ளே யாரோ காலை எடுக்க மனமில்லாமல் மிதித்துக்கொண்டிருப்பதுபோல. மெக்கானிக் யூஜின் பெடலுக்கு அடியில் தலையை நுழைத்துக் கிடக்கிறான். "சுவிட்சை அமத்திற சின்ன ரப்பர் உக்கிப்போச்சு அக்கா. புதுசு போடுறன். பின்னுக்கு நிண்டு பாத்துச் சொல்லுங்கோ." இருபது வருசமாக அவர் கூப்பிடும்போதெல்லாம் உஷாந்தி வந்து நின்ற இடம் அதுதான். விளக்கில் கையை வைக்கிறாள். கடற்கரை ரயில் இரைந்துகொண்டு போகிறது. விரல்களில் கிடந்த சிவப்பு சட்டென்று வடிந்து, கண்ணாடியில் சூடு மட்டும் மிஞ்சுகிறது.

"லைட் நூந்திட்டுதா அக்கா?"

கையை எடுக்காமலே சொல்கிறாள்: "இல்லைத் தம்பி. இன்னும் எரியுது."