நனையக் கூடாத உடுப்பு

சங்கு அலறியது.

மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டம் அண்ணாந்து பார்த்தது. ஜப்பான்காரன் விமானத்தைக் காணோம். சித்திரை வெயில் மட்டும் கொளுத்திக்கொண்டிருந்தது.

வெறும் ஒத்திகைதான். விஷப்புகைக் குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று புதுக்கோட்டை ஜனங்களுக்குக் காட்ட வேண்டும். அதற்கென்று வந்த ரப்பர் உடுப்பை உச்சி முதல் உள்ளங்கால் வரை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றார், ஒத்திகைப் படைத் தலைவர் ரெங்கராஜ்.

அது அவர் மாட்ட வேண்டிய உடுப்பே இல்லை. ஆனால் படையில் எட்டுப் பேருக்கும் அன்று காலையில் ஒன்றாகக் காய்ச்சல் கண்டுவிட்டது. பந்தலில் பெரிய அதிகாரியோ வந்து உட்கார்ந்தாகிவிட்டது. வேறு வழி?

வேலைக்கு வந்தவன் தண்ணீர்க்கார மூக்கன் ஒருத்தன்தான். முந்தின நாள் அந்த எட்டு வீட்டுக்கும் போய்வந்தவன். அவன்தான் முதுகுப் பக்கத்து வார்களை முடிந்தான். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இறுக்கினான்.

போன சித்திரையில் இதே உடுப்புக்குள் நின்றவன் அவன் தம்பி சேவுகன்.

சேவுகன் தள்ளாடியபோது மூக்கன் குடத்தோடு ஓடினான். ரெங்கராஜ் மறித்துக்கொண்டார். தண்ணீர் பட்டால் ரப்பர் கெட்டுவிடுமாம், சர்க்கார் சொத்தாம்.

அவிழ்த்தபோது தம்பியின் உடம்பு அடுப்புக் கல்லாய்க் கொதித்தது. மூச்சு இல்லை.

விசாரித்தவர் இப்போது பந்தலில் இருக்கும் அதே அதிகாரி. நனைக்கலாம் என்று யாருமே சொல்லவில்லை, தெரிந்திருந்தால் நானே ஊற்றியிருப்பேன் என்று அவர் முன்னால் ரெங்கராஜ் கண் கலங்கினார். தெரியாமல் நடந்தது என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. உடுப்பு தள்ளாடியது. கையுறை காற்றைத் துழாவித் தண்ணீர் கேட்டது.

மூக்கன் நிதானமாக நடந்து வந்தான். தோளில் குடம், விளிம்பு தளும்ப.

ரெங்கராஜ் முகமூடியை நெற்றிக்குத் தள்ளினார். வாய் கோணியிருந்தது.

மூக்கன் பந்தலுக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினான்.

"ஆகாதுங்க எசமான். தண்ணி பட்டா சர்க்கார் சொத்து கெட்டுப்போயிருமே!"

குடத்தை இறக்கி வைத்தான். ஒரு கை அள்ளித் தன் முகத்தில் அடித்துக்கொண்டான்.

ரெங்கராஜ் முழங்கால் மடங்கிப் புழுதியில் விழுந்தார். மூக்கனின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது.

"கெடாதுடா, பாவி! பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நனைக்கச் சொல்லி, உடுப்போட வந்த புத்தகத்துலயே போட்டிருக்குடா!"