கட்டில் போடும் இடம்

அறையில் ஒரு பொருளும் இல்லை. திரையில்லாத ஜன்னல் வழியே வந்த மத்தியான வெயில் விரித்துப் போட்ட பாய் மாதிரி தரையில் கிடக்கிறது. குடியிருக்கும் வீட்டின் வாடகை மறுபடி ஏறிவிட்டதால், அந்த வீட்டில் பாதியே இருக்கும் இந்த அறையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் புருஷனும் பெண்டாட்டியும். வாசலில் தரகர் சாவிக்கொத்தை ஆட்டியபடி நிற்கிறார். "நம்ம கட்டில் இங்க கொள்ளுமா?" என்கிறாள் அவள். அளவு நாடா எடுத்துவர மறந்தாயிற்று. "கட்டில் நீளத்துக்கு நான் இருக்கேனே, படுத்துப் பாத்துட்டா போச்சு" என்று சுவரோரமாகக் காலை நீட்டிப் படுக்கிறான் அவன். இரவெல்லாம் ஏடிஎம் வாசலில் காவல், விடிந்ததும் பேக்கரி. இரண்டு சம்பளமும் வந்தால்தான் இந்த அறைக்கே வாடகை கட்ட முடியும். சட்டைக் கையில் இன்னும் மாவு ஒட்டியிருக்கிறது. அவன் பாதத்திலிருந்து எதிர்ச்சுவர் வரை அவள் குனிந்து சாண் போடுகிறாள். "அடுப்ப அந்த மூலையில வெச்சுட்டா, ஜன்னல்ல துணி காயப்போட்டுக்கலாம். என்ன, பேச்சையே காணோம்?" திரும்பிப் பார்க்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்க, மார்பு நிதானமாக ஏறி இறங்குகிறது. அவன் கண்ணில் வெயில் படாமல் தன் நிழல் விழும்படி நகர்ந்து நின்றுகொள்கிறாள். "என்னம்மா, இடம் பத்துமா? இன்னொரு பார்ட்டி வந்துட்டாங்க" என்கிறார் தரகர். "பத்துதுண்ணே, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க." அவர் உள்ளே எட்டிப் பார்க்கிறார். ஒரு சாவியும் சிணுங்காமல் கொத்தை உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்கிறார். பிறகு, படியேறி வருகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைக்கிறார்.