சுடலைமுத்துவுக்கு எந்த அளவு?

பக்கவாதத்துக்குப் பிறகு டீ மாஸ்டர் சுடலைமுத்துவின் நினைவுகள் எல்லாம் சென்னையில் ஒரு சர்வரில் இருந்தன. அடிக்கடி தேவைப்படுபவை மட்டும் காதுக்குப் பின்னால் வைக்கும் சிப்பில் தங்கும். சிப் எட்டு அளவுகளில் கிடைக்கும்; சிறிதென்றால், அதில் அடங்காத ஒவ்வொரு நினைவும் சென்னையிலிருந்து வந்தாக வேண்டும்.

"முதல் அளவே போதும். ரெண்டு வாரம் அளந்தாச்சு. பெருசு வச்சாலும் வேகம் கூடாது," என்று மதிப்பீட்டைக் காட்டினாள் ஆஸ்பத்திரி இன்ஜினீயர் நவ்ரீன்.

சுடலைமுத்துவின் மனைவி இசக்கியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டில்ல படுத்திருந்த மனுசனையா அளந்தீங்க? அங்க அவரு ஞாபகம் வச்சுக்க நானும் நர்சும்தான். காலைல ஆறு மணிக்குக் கடைல வச்சு அளங்கம்மா."

தென்காசி பஸ் ஸ்டாண்டில் பாய்லர் பக்கத்தில் நின்று நவ்ரீன் மறுபடி அளந்தாள். முதல் அளவென்றால் ஒரு கிளாஸுக்கு ஒன்பது விநாடி யோசிப்பார் என்றது திரை. மூன்றாவதில் அரை விநாடி. எட்டாவதிலும் அதே அரை விநாடிதான்.

"மூணே போடுங்க. எட்டு எதுக்கு, சும்மா சுமக்கவா?" என்றாள் இசக்கியம்மாள்.

அடுத்த திங்கட்கிழமை செங்கோட்டை பஸ்ஸிலிருந்து முப்பது பேர் இறங்கினார்கள். சுடலைமுத்து யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டிரைவருக்குச் சீனி இல்லாமல், பூக்காரிக்கு நன்றாக ஆற்றி என்று கிளாஸ்கள் பறந்தன. எதிரே டீ மெஷின் முன் நின்றவர்களும் சாலையைக் கடந்து வந்தார்கள்.

"எனக்கு..." என்று நவ்ரீன் ஆரம்பிப்பதற்குள் அவள் கையில் கிளாஸ் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, சீனி கம்மியாக. அளக்க வந்த அன்று ஒரே ஒரு தடவை அப்படிக் கேட்டிருந்தாள்.

இசக்கியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்ப அளந்து பாரும்மா."