சிங்க வேஷம்

"உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க! பேசுத வாய மூடுங்க! தானியேல் சிங்கக் குகைக்குள்ள இறங்கப் போறான்!"

ஒத்திகையில கத்துனது ஜெஸ்வின். குத்தாலத்துல நேந்திரங்கா சிப்ஸ் கடை வச்சிருக்கான். தென்காசி ஜெபவீட்டுக் கிறிஸ்மஸ் நாடகத்துக்கு அவந்தான் டைரக்டரு, சிங்கம் கடிக்காமத் தப்பிச்ச பைபிள் தானியேலும் அவந்தான். ராசா மாதிரி அதட்டுவான், அடுத்த நிமிசம் பாஸ்டர் மாதிரி இருமிக் காட்டுவான். சபையே சிரிச்சு உருளும்.

சிங்கம் மட்டும் சரிப்பட்டு வரல.

சிங்கம், இசக்கிதுரை. போன வருசந்தான் சபைக்கு வந்தவன். ஆமென்கூட மனசுக்குள்ளதான் சொல்லுவான்.

"ஏலே, இது உறுமலா? பல்லுவலிக்காரன் முனங்குத மாதிரில்லா இருக்கு! திரைக்குப் பின்னால போயி உறுமிப் பழகுலே!"

சாக்குல தச்ச சிங்கத்தோலோட திரைக்குப் பின்னால போனான்.

ஜெஸ்வின் ரெண்டு கையையும் விரிச்சான். "கர்த்தரு சிங்கத்து வாயக் கட்டுவாரு! எனக்கு என்னலே பயம்!"

வாசக்கதவு படார்னு திறந்துச்சு. பக்கத்துத் தெரு வேல்விழி. பிளஸ் ஒன் படிக்கா. மூச்சு வாங்குது.

"அண்ணாச்சி, நாளைக்கு எனக்குக் கட்டாயக் கல்யாணம். மாமா என்னத் தேடி வாராரு. எங்கயாச்சும் ஒளிச்சு வைங்க!"

மாமான்னா பரமசிவன். இந்த ஜெபவீட்டுக் கட்டடம் அவருது. ஜெஸ்வின் கடையும் அவருது. இசக்கிதுரை ஓட்டுத லோடு ஆட்டோவும் அவருதுதான்.

தானியேலு வாசலை எட்டிப் பாத்தான்.

"எம்மா... நாங்க உனக்காக ஜெபிக்கோம். நீ அந்தத் திரைக்குப் பின்னால போயி, பின்வாசல் வழியா ஓடிரு."

அவ போனா. தெருமுனையில புல்லட்டுச் சத்தம். அது வாசல்ல வந்து நிக்கதுக்குள்ள, சிங்கம் தவழ்ந்து வந்து ஜெஸ்வின் காலடியில சுருண்டுக்கிட்டு.

"எங்கலே வேல்விழி?" பரமசிவன் உள்ள வந்தாரு.

"வந்தா அண்ணாச்சி. நாங்க சேக்கல. பின்வாசல் வழியாப் போயிட்டா."

"இது யாரு?"

"நம்ம இசக்கிதுரைதான். உங்களப் பாத்ததும் எப்படி நடுங்குதான் பாத்தியளா? பயந்தாங்கொள்ளி!"

புல்லட்டு பின்தெருவுக்குப் பறந்துச்சு.

ஜெஸ்வின் வேர்வையத் துடைச்சான். "எந்திலே சிங்கம், போயிட்டாரு."

சிங்கத் தலை கழண்டுச்சு. உள்ள, அழுது வீங்குன வேல்விழி மூஞ்சி!

போனக் கையில பிடிச்சுக்கிட்டுத் திரைய விலக்கிட்டு வந்தான் இசக்கிதுரை. "சைல்டுலைனுக்குச் சொல்லிட்டேன். போலீசோட வாராங்க."

"அடப்பாவி! கட்டடம் போச்சு, கடை போச்சு, உம் பொழப்பும் போச்சு! ஏம்லே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?"

இசக்கிதுரை மொத தடவையா சிரிச்சான்.

"கர்த்தரு சிங்கத்து வாயத்தான அண்ணாச்சி கட்டுனாரு? தானியேலு வாயக் கட்டலியே!"