இருக்கைக்கு அடியில்

காரின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் அவன் கையை விட்டுப் பட்டையைச் சரிசெய்தான்.

இருக்கையை மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தினான். இன்னொரு கையில் இருந்த அலாரம் ரிமோட்டில் ஒன்றாம் எண் விளக்கு எரிந்தது. கையை எடுத்தான். அணைந்தது.

ஆள் உட்கார்ந்தால் காட்டிக்கொடுக்கும் பட்டை. அவன் இரவு ஷிஃப்ட் பார்க்கும் கம்பெனியில் கார் இருக்கைகளுக்குள் வைத்துத் தைப்பது. தேறாதது என்று ஒதுக்கிப் போட்டதில் மூன்றைச் சாப்பாட்டுப் பைக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தான்.

காரின் அலாரம் பெட்டியில் மூன்று இணைப்புகள் சும்மா கிடந்தன. ஓட்டுநர் இருக்கை ஒன்று. பக்கத்து இருக்கை இரண்டு. பின்னிருக்கை மூன்று.

மூன்றாவதை ஒட்டும்போது அவனுக்கே வாய் கசந்தது. ஆனாலும் ஒட்டினான்.

சைரன் வயரை முதலிலேயே வெட்டி டேப் சுற்றியிருந்தான். சத்தம் வேண்டாம். விளக்கு எரிந்தால் போதும்.

"பழைய வண்டிக்கு இவ்ளோ காவலா பாஸ்?"

கீழ்வீட்டு கிளமென்ட். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே. பகல் முழுக்க இங்கேயேதான் இருப்பான்.

"பழசுன்னாதான் கண்டவனும் கை வைக்கிறான்."

கிளமென்ட் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் குறித்துக்கொண்டான்.

பத்து நாளாக ஓட்டுநர் இருக்கை சாய்ந்து கிடக்கிறது. அவன் நிமிர்த்தி வைத்து ஓட்டுகிறவன். கிலோமீட்டர் ஏறவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. சாவி வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வீட்டில் இரண்டே பேர். பகலில் அவன் தூங்குகிறான்.

அவன் மனைவி செண்பகத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஓட்டத் தெரியாதவளுக்குக் காரில் என்ன வேலை?

மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு. காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை அங்கே குக்கர் விசில் அடிக்காது. டிவி பேசாது. கரண்டி கீழே விழாது. செண்பகம் கொலுசைக் கழற்றி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. எல்லாம் அவன் போட்ட சட்டம்.

மறுநாள் கண்ணை மூடிக் கிடந்தான். ரிமோட் போர்வைக்குள்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்து மூடியது. சத்தமே இல்லை. காற்று மாறியதில்தான் தெரிந்தது.

நன்றாகத்தான் பழகியிருக்கிறாள் என்று நினைத்தான்.

ஒன்று எரிந்தது.

இரண்டுக்காகக் காத்திருந்தான்.

நாற்பது நிமிடம். ஒன்று மட்டும்.

அடுத்த நாளும் ஒன்று மட்டும். கிளமென்ட் உஷாராகிவிட்டான். வயரைத்தான் நேரில் பார்த்தானே.

மூன்றாம் நாள், இரண்டு எரிந்தது.

ஒன்று அணைந்ததை அவன் கவனிக்கவில்லை. லுங்கியை இறுக்கிக்கொண்டே மூன்று மாடியும் இறங்கினான். சட்டை இல்லை. செருப்பு இல்லை. கையில் ரிமோட்.

கிளமென்ட் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

தூண்களுக்கு நடுவே கார் நின்றிருந்தது. நான்கு இண்டிகேட்டரும் மினுக்கிக்கொண்டிருந்தன.

சைரனை வெட்டியவன், அலாரம் விழுந்தால் இவையும் மினுக்கும் என்பதை மறந்துவிட்டிருந்தான். முதல் நாள் உட்கார்ந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். எழுந்து பார்த்திருப்பாள். மறுபடி உட்கார்ந்து பார்த்திருப்பாள்.

செண்பகம் பக்கத்து இருக்கையில் இருந்தாள். தனியாக.

கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டிருந்தாள். உள்ளே ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. புழுக்கத்தில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது. மடியில் முறுக்கு டப்பா. வாயில் இருந்ததைக் கடக்முடக்கென்று மென்றாள். அவனைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. மென்று முடித்தாள்.

கண்ணாடியை இறக்கினாள்.

"பின்சீட்லயும் வெச்சிருக்கீங்களா?"

அவன் கண் பின்னிருக்கைக்குப் போனது.

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்கதவைத் திறந்து ஏறினாள். கதவை அறைந்து சாத்தினாள். வீட்டில் ஒரு கதவையும் அவள் அப்படிச் சாத்தி அவன் கேட்டதில்லை.

அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. ரிமோட் பிடித்த கையைப் பார்த்தாள்.

மூன்று எரிந்தது.