மூச்சு வாங்கும் கோச்

“கோச்சுக்கே மூச்சு வாங்குதுன்னா, எதுக்குட்டி அவளை இன்னும் வச்சிருக்க?”

சாலமோன் கேட்டதில் நியாயம் இருந்தது. அது அவர் மனைவி தேவமணி டீச்சருக்கும் தெரிந்தது.

சில மாதங்களுக்கு முன் டீச்சருக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டபோது டாக்டர் மழுப்பவில்லை. “தினமும் நடங்க. இல்லேன்னா உங்க அக்கா கதைதான்.”

அக்காவுக்கு இடது காலை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்தே டீச்சருக்கு ஒரே கனவு. ஆற்று மணலில் வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பாள். உடம்பில் பாரமே இருக்காது. விழித்ததும் முதல் வேலையாகக் குனிந்து இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் ஜெபம், காப்பி எல்லாம்.

பெங்களூரில் இருக்கும் மகள் டார்லின்தான், “ஒரு ஹெல்த் கோச் வச்சுக்கோங்கம்மா” என்று போனில் தேடி ஒருவர் பின் ஒருவராக நாலு பேரைப் பிடித்துக் கொடுத்தாள்.

முதல் ஆள் ஜிம்மில் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, “கமான் ஆன்ட்டி, கமான்!” என்று கத்தினான். இரண்டாவது அம்மாள் வீடியோவில் மட்டும் வருவாள். அவள் சாப்பிடச் சொன்ன பழத்தின் பெயரைப் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சொன்னபோது கடைக்காரர் சிரித்துவிட்டார். மூன்றாவது, விசில் வைத்திருந்த ஒருவரின் நடைக் குழு. அங்கேதான் மானம் போயிற்று. இருபது பேர் முன்னால் போய், நின்று, திரும்பி, டீச்சர் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அத்தோடு வீட்டில் படுத்துவிட்டாள்.

நாலாவதுதான் பிரிஸில்லா. முப்பது வயது, ஒல்லி, பேச்சு குறைவு. முதல் நாளே டீச்சர் வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள்.

“எனக்காக யாரும் நின்னு காத்துக் கிடக்கக் கூடாது பிள்ள. அது மட்டும் என்னால தாங்க முடியாது.”

“சரி டீச்சர்.”

கொக்கிரகுளத்து ஆற்றோரம் நடக்கத் தொடங்கினார்கள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பிரிஸில்லா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“பைய போங்க டீச்சர். எனக்கு மூச்சு வாங்குது.”

“நீதானே கோச்சு?”

“ஆமா. நீங்க வேகமா போறிய. முன்னால போங்க, நான் பைய வாரேன்.”

டீச்சர் முன்னால் போனாள். எத்தனையோ வருஷம் கழித்து ஒருத்தரைத் தாண்டிப் போனாள்!

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். மருத மரத்தைக் கண்டால் போதும், பிரிஸில்லாவுக்கு உட்கார வேண்டும். “அடுத்த மரம் வரைக்கும் வா பிள்ள, அங்கன போய் உட்காரு” என்று டீச்சர் இழுத்துக்கொண்டு போவாள். அடுத்த மரம் வந்ததும் அதற்கடுத்த மரம். ஆற்றின் மேல் பனி கிடக்கும். அக்கரை தெரியாது. எங்கோ ஒரு கோயில் மணி, எங்கோ துணி துவைக்கிற சத்தம். கால்கள் தாமாகப் போய்க்கொண்டிருக்கும். விழித்திருக்கிறோமா, கனவா என்றே டீச்சருக்குச் சில நாள் தெரியாது. அவ்வளவு சுகமாக இருந்தது.

மூன்றாவது மாதம் சர்க்கரை நூற்றைம்பதுக்கு வந்தது.

“பலே! யாரு உங்க கோச்?” என்றார் டாக்டர்.

“கோச்சா? அவளையே நான்தான் சார் இழுத்துட்டுப் போறேன்!”

இதை வீட்டில் வந்து சொன்னபோதுதான் சாலமோன் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. “வண்ணாரப்பேட்டையில மகேஷ்னு ஒருத்தன் இருக்கான். நெஞ்சு இம்புட்டு அகலம். அவன்கிட்ட போனா ஒரே மாசத்துல நூறுக்கு வந்துரும்லா.”

“அந்தப் பிள்ளை பாவம். சீக்காளி.”

“பாவம் பார்த்து உன் காலும் போச்சுன்னா திரும்பி வருமா?”

டீச்சர் குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்தாள். சரி, சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளையை மூச்சு வாங்க நடக்க வைத்துவிட்டு, கடைசியில் நாளைக்கு வராதே என்று சொல்ல மனசு கேட்கவில்லை. நடக்கத் தொடங்குமுன் சொல்லிவிடலாம் என்று மறுநாள் அரை மணி முன்னதாகவே கிளம்பி, வீட்டிலிருந்து நடந்தே ஆற்றோரம் போய் ஒரு மருத மரத்தடி இருட்டில் நின்றாள்.

இன்னும் விடியவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு உருவம் ஓடி வந்தது. ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம்! தரையில் கால் படுகிற சத்தமே இல்லை. மரத்தைத் தாண்டிப் பாலம் வரைக்கும் போய், திரும்பி, மறுபடியும் போய், மறுபடியும் வந்தது. தூக்கம் இன்னும் கலையவில்லையோ என்று டீச்சர் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

ஆறாவது சுற்றில் விளக்குக் கம்பத்தடியில் அந்த உருவம் நின்றது.

பிரிஸில்லா.

கொஞ்சம்கூட இரைக்கவில்லை. போனில் மணி பார்த்தாள். முகத்தைத் துடைத்து, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். ஒரு கையை நெஞ்சில் வைத்து, “ஹா… ஹா…” என்று இரைத்துப் பார்த்தாள். சரியாக வரவில்லை போல. இன்னொரு தடவை பார்த்தாள்.

எனக்காக யாரும் நின்று காத்துக் கிடக்கக் கூடாது என்று முதல் நாள் தான் சொன்னது டீச்சருக்கு நினைவு வந்தது. சொல்ல வந்ததைச் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிரிஸில்லாவுக்கு நன்றாக மூச்சு வாங்கட்டும் என்று இன்னும் ஐந்து நிமிஷம் மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றுவிட்டு, பிறகுதான் வெளியே வந்தாள்.