இரண்டாவது இடைவேளை

திரையில் களஞ்சியம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. தீ வைத்தவன் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தான்.

"அந்தப் புள்ள இண்டைக்கு ஒண்டும் சாப்பிடவும் இல்ல," என்றார் உம்மா.

களஞ்சியத்துக்குள் காவல்காரர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் புள்ளைக்கு வயது நாற்பதுக்கு மேலிருக்கும். தொடரின் கதாநாயகன் அவன்தான். இதுவரை இரண்டு கொலை, ஒரு கள்ளக் காணி உறுதி, கட்டியவளைப் பைத்தியம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அடைத்தது, இப்போது தீ. எல்லாவற்றையும் திகதியோடு என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவன் என்ன செய்தாலும் அவன் முகத்தைத்தான் கிட்டத்தில் காட்டுகிறார்கள். காவல்காரருக்கு முகமே இல்லை, ஒரு தொப்பி மட்டும். யார் பக்கம் நின்று காட்டுகிறார்களோ அவர்மேல்தான் இரக்கம் வரும் என்று உம்மாவுக்கு எத்தனை தரம் விளக்கியிருப்பேன்!

"ஒனக்குக் கல்லு மனசு," என்பார் உம்மா. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கண்டியில் மாலை வகுப்புக்குப் போகிறேன். ஆங்கிலம் படிப்பிக்கும் மிஸ் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்: திகதி, நேரம், யார் என்ன சொன்னார். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பிழை வந்துவிடுமோ என்று தமிழில் எழுதுகிறேன். இரண்டரை வருடத்தில் ஒரு நாளும் விடவில்லை.

கடந்த மூன்று வாரமும் ஒரேயொரு விஷயத்தைக் கவனித்தேன். உம்மாவின் மனது மிகவும் இளகும் நேரம் எது?

இரண்டாவது விளம்பர இடைவேளை. அதற்குச் சற்று முன்னால் அவன் தன் தாயின் படத்துக்கு முன் நின்று அழுவான். ஒரு நாளும் தவறமாட்டான்.

இன்று அந்த இடைவேளையில் ஷஹ்மா தாத்தாவைப் பற்றிக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். இப்படி நேரம் பார்த்துக் கேட்பது சரியா என்று தெரியவில்லை. ஆனால் வேறு நாள் இல்லை.

எங்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்போம்; ஷஹ்மா எனக்கு மூத்தவள். இரண்டு வருடத்துக்கு முன், உம்மா பேசி முடித்த மாப்பிள்ளை வேண்டாம் என்று, மௌத்தான வாப்பாவின் இடத்தில் அவர் தம்பியை நிறுத்தி, கம்பளையில் தனக்குப் பிடித்தவரை நிக்காஹ் செய்துகொண்டாள். அதன்பின் பிலிமத்தலாவையிலுள்ள இந்த வீட்டுக்கு வந்ததில்லை. இப்போது கையில் மூன்று மாதப் பிள்ளை. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை மூவரும் கத்தாருக்குப் போகிறார்கள். உம்மா பிள்ளையைப் பார்த்ததில்லை.

"ஒரு தரம் கேட்டுப் பாரு, அஸீமா," என்று தாத்தா காலையில் போனில் அழுதாள்.

திரையில் அவன் தாயின் படத்துக்கு முன் நின்றான். அழுதான். உம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். சவர்க்கார விளம்பரம் வந்தது.

"உம்மா, ஷஹ்மா தாத்தா..."

"அவன்ட உம்மா உசுரோட ஈந்தா இப்பிடிச் செய்வானா?"

எனக்குப் பொறுக்கவில்லை. தயாரித்து வைத்திருந்த வசனம் மறந்துபோயிற்று.

"கொலகாரனுக்கு அழுறீங்க! தாத்தா யாரக் கொன்ன? புடிச்ச ஆளக் கலியாணம் முடிச்ச. அதுக்கு ரெண்டு வருஷமா?"

"கத்தாத. அவனுக்கு யாரு ஈக்கி? ஒத்தரும் இல்ல. அதுதான் அழுற. ஷஹ்மாக்கு நான் ஈக்கிறேன் தானே. வாறதுக்கு என்ன? யாரு வரவேணாண்டு சென்ன?"

யார் சொன்னது என்று கேட்கிறாரே! உள்ளே போய் அலுமாரியைத் திறந்து பழைய நாட்குறிப்பை எடுத்து வந்தேன். பக்கம் மனப்பாடம். நேரத்தையும் சேர்த்தே வாசித்தேன்.

'பின்னேரம் ஐந்து பத்து. உம்மா சொன்னார்: அவள் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது. ஐந்து பதினைந்துக்கு அதைத் தாத்தாவுக்குப் போனில் அனுப்பினேன்.'

"அனுப்பினயா?"

"சென்னபடியே. ஒரு சொல்லும் மாத்தல்ல."

உம்மா என்னையே பார்த்தார். பால்மா விளம்பரம் ஓடியது.

"அது அண்டைக்கு ஆத்திரத்துல சென்ன. அதுக்குப் பொறகு?"

பிறகு ஒன்றும் சொல்லவில்லையே. அதைக் காட்டத்தான் அடுத்தடுத்த பக்கங்களைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

'நோன்புப் பெருநாள். காலையில் என் பங்கு வட்டிலப்பம் சாப்பிட்டேன். பின்னேரம் பிரிஜ்ஜில் மூடிய கிண்ணத்தில் இன்னொரு பங்கு இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். உம்மா வாசலைப் பார்த்தார். சாப்பிட்டேன்.'

'உம்மா கேட்டார்: கம்பளைக்குப் போக எங்கே பஸ் மாற வேண்டும்? பேராதனையில் என்றேன்.'

'ஹஜ்ஜுப் பெருநாள். மூடிய கிண்ணம். சாப்பிட்டேன். இனிப்பு கொஞ்சம் கூட.'

'உம்மா சின்னச் சட்டை ஒன்று தைக்கிறார். பக்கத்து வீட்டுக்கு என்று நினைக்கிறேன்.'

நான்காவது கிண்ணத்துக்கு வந்தபோது வாசிப்பதை நிறுத்தினேன்.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. திகதி, நேரம், யார் என்ன சொன்னார். இதில் ஒன்றையும் நான் அனுப்பவில்லை.

"போனத் தா," என்றார் உம்மா.

அழைத்துக் கொடுத்தேன். முதல் மணியிலேயே தாத்தா எடுத்தாள்.

"நாளைக்கு வா, மகள். புள்ளையையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. வராதண்டு நான் சென்னது அந்த ஒரு நாளைக்கு. பொறகு வெச்சது, கேட்டது ஒண்டும் ஒனக்கு வந்து சேரல்ல."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. பிறகு சத்தம் உயர்ந்தது. என் பெயர் இரண்டு தரம் வந்தது.

உம்மா சேலைத் தலைப்பை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏசாத, மகள். பாவம். அந்தப் புள்ளைக்கு வெளங்கல்ல."

திரையில் மறுபடியும் அதே சவர்க்கார விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.